காதில் இருந்த சுண்ணாம்பு

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த லேபில் இப்போது அவள்தான் டெக்னீஷியன். "மேடம், ஒரு பேஷண்ட்டுக்குக் கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியிருக்கு. டாக்டர் கவுட்னு சொல்றாரு. ஆனா யூரிக் ஆசிட் நார்மல்னு வருது. மிஷின் தப்பா காட்டுதா?" என்று கேட்டாள்.

மிஷினும் சரி, டாக்டரும் சரி என்றேன். கவுட் என்பது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி. அது உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கி, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நார்மலாகக் காட்டுவது உண்டு. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, "இதெல்லாம் எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். அவளுக்காகத்தான் இது. இதில் மிஷினைப் பற்றி அதிகம் இருக்காது. எங்களிடம் மிஷின் இருந்ததில்லை.

என் பெயர் நசீமா. உத்திரமேரூர் பஜாரில் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. பன்னிரண்டாவது முடித்ததும் காஞ்சிபுரத்தில் லேப் படிப்பு. சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது, சளியில் காசநோய்க் கிருமி தேடுவது, டியூப் உடைந்தால் யார் மேல் பழி போடுவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டேன். ஊருக்கு வெளியே, பெருநகர் போகும் சாலையில் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு நர்ஸ், நான். நோயாளிகள் என்னையும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று விளக்குவதை மூன்றாம் வருடத்தோடு நிறுத்திவிட்டேன்.

டாக்டர் வத்சலா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய நாற்காலியில் கேஸ் ஷீட்டுகள் உட்கார்ந்திருக்கும். லேபுக்கு வந்தால் நின்றபடியே குனிந்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மைக்ராஸ்கோப்பைப் பார்ப்பார். என் ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தாலும் பார்ப்பார், இல்லாவிட்டாலும் பார்ப்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும், மரியாதை ஏறும். "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா" என்றால் பரவாயில்லை. அதோடு "தயவுசெஞ்சு" சேர்ந்தால் கம்பவுண்டர் டீ குடிக்கப் போய்விடுவார். பாராட்டும் பழக்கம் அவரிடம் கிடையாது. ஒரு ரிப்போர்ட் சரியாக இருந்தால் அடுத்த ரிப்போர்ட்டை எடுப்பார்.

கிரிஸ்டல் என்ற விஷயத்துக்குள் நான் நுழைந்தது என் மாமுவின் முழங்கால் வழியாக. அஸ்லம் மாமு என் அம்மாவின் அண்ணன். பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார், எழுபதை நெருங்கிய வயது. அவருக்கு அவ்வப்போது வலது முழங்கால் வீங்கிச் சிவந்துவிடும். ஐந்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர், இது யூரிக் ஆசிட், இனி ஆட்டுக்கறி கூடாது என்று சொல்லியிருந்தார். மாமு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். கல்யாண வீடுகளில் எல்லோரும் பிரியாணி சாப்பிட, அவருக்கு மட்டும் கறி ஒதுக்கிய குஸ்கா. பக்ரீத் அன்று வீடு வீடாகக் கறி போய்க்கொண்டிருக்கும்போது அவர் சோற்றில் பருப்பு ஊற்றிச் சாப்பிடுவார். முழங்கால் மட்டும் அதை மதிக்காமல் வருடத்துக்கு மூன்று முறை வீங்கிக்கொண்டே இருந்தது.

அப்படி வீங்கிய ஒரு காலையில் நான்தான் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு. தண்ணி எடுத்துப் பாத்துடலாம்" என்றார். முழங்காலைச் சுற்றி மருந்து தடவித் துடைத்து, மூட்டுக்குள் ஊசி போட்டு உறிஞ்சினார். தெளிவாக இருக்க வேண்டிய மூட்டு நீர் அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கி வந்தது.

"முதல்ல இது சீழான்னு பாருங்க. கிருமி இருந்தா மத்த பேச்செல்லாம் அப்புறம்" என்றார்.

சாயம் ஏற்றிப் பார்த்தேன். கிருமி இல்லை. பிறகு சாயம் எதுவும் இல்லாமல் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். கவுட் என்றால் ஊசி ஊசியாக யூரேட் கிரிஸ்டல் இருக்கும் என்று படித்திருந்தேன். ஏதோ தெரிந்தது. "ஊசி மாதிரி இருக்கு மேடம்" என்றேன்.

அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே பார்த்தேன். ஊசி எதுவும் இல்லை. குட்டை குட்டையாக, இரண்டு முனையும் வெட்டிவிட்டாற்போல், உடைந்த செங்கல் துண்டுகள் மாதிரி சில கிடந்தன. அப்படியே சொன்னேன். அதன் பிறகுதான் டாக்டர் குனிந்து இடது கண்ணை வைத்தார்.

"இது யூரேட் இல்ல. கால்சியம் உப்பு. வயசானவங்க முழங்காலுக்கு வரும். பாக்க கவுட் மாதிரியே வேஷம் போடும், ஆனா வேற" என்றார் மாமுவிடம்.

மாமு ஒன்றே ஒன்று கேட்டார். "கறி?"

"கறிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

மாமு சுவரைப் பார்த்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. பக்ரீத்துகளை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. "அஞ்சு வருஷம். சும்மா பேஜார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு அத சொன்ன ஆளு இன்னும் உசுரோட கீறாரா, நசீமா?" என்று கேட்டார். இருக்கிறார் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலை டாக்டர் சொன்னார், போலரைசர் இருந்தால் இந்தக் குழப்பம் வராது என்று. அது ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் கண்ணாடித் தகடு. அப்படி இரண்டைக் குறுக்காக வைத்தால் எல்லாமே இருட்டாகிவிடும். நடுவில் கிரிஸ்டல் இருந்தால் அது மட்டும் மின்னும். யூரேட் ஊசி பளிச்சென்று எரியும், கால்சியம் துண்டு மங்கலாக மினுங்கும். ஒன்று வாங்கித் தரும்படி ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது என் தம்பி ரஃபி எழுந்து போய்ப் பரணில் இருந்து ஓர் அட்டைக் கண்ணாடியை எடுத்துவந்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கும் படம் ஒன்று பத்து வருடத்துக்கு முன் வந்ததே, திரையில் இருந்து ஐஸ்கிரீம் நம் மூக்குவரை நீளுமே, அந்தக் கொட்டகையில் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்தது. இரண்டு கண்ணுக்கும் உள்ள தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்கானவை என்பதை அவன் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தான். இடது கண்ணை வெட்டி ஸ்லைடுக்குக் கீழே வைத்தேன். வலது கண்ணை வெட்டி, நான் குனிந்து பார்க்கும் லென்ஸின் மேல் வைத்தேன். இருட்டு. மாமுவின் ஸ்லைடை நகர்த்தினேன். செங்கல் துண்டுகள் லேசாக மினுங்கின. டாக்டர் பார்த்தார். அடுத்த ரிப்போர்ட்டை எடுத்தார்.

இனி கன்னியப்பனைப் பற்றி.

பெருநகர்ப் பக்கம் ஒரு கிராமம். நாற்பத்தைந்து வயது இருக்கும். நிலம் கிடையாது. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். காது மடல்களில் கட்டி கட்டியாக வந்து, கை விரல் முட்டிகளிலும் வந்தது. எங்கோ ஒரு முகாமில் பார்த்துவிட்டுத் தொழுநோய் என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். காதில் கட்டி வந்தால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் முதலில் தோன்றுவது அதுதான். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்த மருந்துகளில் ஒன்று தோலைக் கறுக்க வைக்கும். முகம் கறுத்ததும் ஊருக்குத் தெரிந்துபோனது. மில்லில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். தட்டு, சொம்பு எல்லாம் தனி. மகள் செல்விக்கு நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நின்றது.

எங்களிடம் அவர் வந்தது பரிசோதனைக்கு மட்டும். காது மடலைக் கிள்ளிப் பிடித்து, ரத்தம் வராமல், பிளேடு நுனியால் சின்னதாகக் கீறி, சுரண்டி எடுத்ததை ஸ்லைடில் தடவி, சூடுகாட்டி, சாயம் ஏற்றிக் கிருமி தேட வேண்டும். முதல் முறை கிருமி இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறையும் இல்லை. மருந்து சாப்பிடுகிறவருக்கு இல்லை என்றால் நல்ல செய்திதானே. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது நடக்க முடியாமல், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீறினேன். பிளேடு நுனியில் வெள்ளையாக ஒன்று வந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புபோல. வழக்கப்படி அதை ஸ்பிரிட் பஞ்சில் துடைக்கப் போனபோது விரலில் நறநறவென்று பட்டது. கை நின்றது.

"கால்ல இன்னா?" என்று கேட்டேன்.

"கட்டவெரலும்மா. பத்து வருசமா வந்து வந்து போவுது. மெடிகல் ஷாப்புல நாலு கலர்ல மாத்திர பொட்லம் கட்டித் தருவாங்க. துன்னா நின்னுடும். மறுக்கா வரும்."

"தொட்டா தெரியுதா?"

"தெரியுதாவா? போத்திக்கினு இருக்கற துணி பட்டாலே உசுரு பூடுதும்மா. ஈ உக்காந்தா கூட எந்த ஈன்னு சொல்லுவேன்."

தொழுநோயில் கை கால் மரத்துப்போகும். நெருப்பு சுட்டாலும் தெரியாது. இந்த மனிதருக்குப் பத்து வருடமாக எல்லாமே தேவைக்கு மேல் தெரிந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வெள்ளையில் ஒரு துளியைச் சாயமே இல்லாமல் ஸ்லைடில் வைத்து, சினிமாக் கண்ணாடித் தகடுகளைப் பொருத்தினேன். இருட்டு. நகர்த்தினேன். ஊசிகள். ஒன்று இரண்டு இல்லை. வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டாற்போல் வயல் முழுக்கப் பற்றி எரிந்தன. நான் நினைக்கவில்லை, பார்த்தேன் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் கன்னியப்பனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் குண்டூசியாலும் கை, கால், முகம் எல்லாம் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் கன்னியப்பன் சரியாகச் சொன்னார். அப்புறம் டாக்டர் லேபுக்கு வந்து குனிந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ எடுத்தீங்க?"

"ரெண்டு தடவ மேடம்."

"அப்பவும் இந்த வெள்ள இருந்துதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. "இருந்துது மேடம். அழுக்குன்னு தொடச்சிட்டேன்."

சாயம் ஏற்றிக் கழுவும் தண்ணீரிலேயே யூரேட் கரைந்து போய்விடும், நான் துடைக்காமல் விட்டிருந்தாலும் அந்த ஸ்லைடில் தெரிந்திருக்காது என்பதைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அது எனக்குச் சாதகமான விஷயம்தான். ஆனால் அன்று எனக்குத் தெரியாது. டாக்டர் குரல் இறங்கியது. "தயவுசெஞ்சு அத ரிஜிஸ்டர்ல எழுதி வைங்க நசீமா. ரெண்டு தேதிக்கும்." எழுதினேன். 'வெண்பொருள் இருந்தது. பரிசோதிக்காமல் துடைக்கப்பட்டது. நசீமா.' என் முப்பத்தோரு வருட ரிஜிஸ்டர்களில் நான் முழுப் பெயரில் கையெழுத்துப் போட்ட பக்கம் அது ஒன்றுதான். சம்பந்தப்பட்ட முகாமின் டாக்டருக்கு அன்றே கடிதம் போனது. அவர் மறு வாரமே நேரில் வந்து பார்த்து, அந்த மருந்துகளை நிறுத்தினார்.

கன்னியப்பனிடமும் மனைவி முனியம்மாவிடமும் டாக்டர் சொன்னார். "இது ரத்தத்துல சேர்ற யூரிக் அமிலம். கரையாம ஊசி ஊசியா மூட்டுலயும் காதுலயும் போய்ப் படிஞ்சிருக்கு. யாருக்கும் ஒட்டாது. கறுப்பும் போயிடும்." பிறகு முனியம்மாவைப் பார்த்து, "அந்த நோயாவே இருந்திருந்தாலும் மருந்து சாப்பிடறவரைக் கொட்டாயில போட வேண்டியதில்லீங்க" என்றார். அந்த 'ங்க'வின் எடை முனியம்மாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்களுக்குத் தெரிந்தது. கம்பவுண்டர் டீக்குப் போனார்.

மில்லில் மறுபடி சேர ஒரு சர்டிபிகேட் கேட்டார் கன்னியப்பன். டாக்டர் எழுதிக் கொடுத்தார். செல்வி படித்துக் காட்டினாள். "இவருக்குத் தொழுநோய் இல்லை என்று இதனால்..."

"அந்தப் பேரு வாணாம்மா" என்றார் கன்னியப்பன்.

"இல்லைன்னுதானே எழுதியிருக்கேன்."

"இல்லன்னு எழுதினாலும் அந்தப் பேரு அதுல கீதே. எம் பேரும் அதுல கீது. ரெண்டும் ஒரே தாளுல கீது. படிக்கறவன் அத மட்டுந்தான் படிப்பான். எனக்கு இன்னா கீதுன்னு எழுதுங்க. இல்லாதத எதுக்கு எழுதணும்?"

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். தாளைக் கிழித்துவிட்டு, யூரிக் அமிலத்தால் வந்த மூட்டுநோய், சிகிச்சையில் இருக்கிறார் என்று மட்டும் புதிதாக எழுதினார். மில்லில் மூட்டை தூக்க எடுத்துக்கொள்ளவில்லை. நெல் காய வைக்கும் களத்தில் ஆடு, காக்கை ஓட்டும் வேலை கொடுத்தார்கள்.

கல்யாணம் அவ்வளவு சுலபமாக நகரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பலராமன், பஸ் கண்டக்டர். அவர் பஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போகும். செல்வி நேராகப் போய் அவரிடமே பேசியிருக்கிறாள். ஒரு நாள் டூட்டி முடிந்து, தோல் பையோடு லேபுக்குள் வந்து நின்றார். "அந்தப் பொண்ணு சொல்லுச்சி. எனக்குக் காட்டுங்க" என்றார்.

மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். பார்த்தார். நிமிர்ந்து, லென்ஸ் மேல் இருந்த தகட்டை விரலால் தட்டினார்.

"இது இன்னா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "சினிமாக் கண்ணாடி."

"கண்ணு முன்னால ஐஸ்கிரீம் வருமே, அதுவா?"

"அதுதான்."

"அந்த ஐஸ்கிரீம நானுந்தான் பாத்தேன். கைய நீட்டினேன். ஒண்ணும் இல்ல" என்றார்.

டாக்டர் உள்ளே வந்து, "கிண்ணத்துல செஞ்சி காட்டுங்க" என்றார். அது பழைய கால ரசாயனச் சோதனை. படிப்பு முடித்த பிறகு நான் செய்ததே இல்லை. பீங்கான் கிண்ணத்தில் காதில் எடுத்த வெள்ளையைக் கடுகளவு வைத்து, நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் மெதுவாகக் காட்டினேன். கொதித்து, வற்றி, அடியில் செங்கல் நிறத்தில் காய்ந்தது. ஆறவிட்டு அம்மோனியா ஒரு சொட்டு விட்டேன். நாவல்பழம் பிழிந்தாற்போல் ஊதா படர்ந்தது. யூரிக் அமிலம் இருந்தால்தான் இப்படி வரும் என்றேன்.

"வெள்ளையா எது போட்டாலும் வரும்" என்றார் பலராமன். சந்தேகப்படுவது அவருக்குத் தொழில். சட்டைப் பையில் இருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். "இதுல செய்."

செய்தேன். சுண்ணாம்பு ஆசிட்டில் நுரைத்தது. காய்ந்ததும் வெள்ளையாகவே இருந்தது. அம்மோனியா விட்டேன். வெள்ளை. இன்னொரு சொட்டு விட்டேன். வெள்ளைதான். அவர் இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. நான் நம்பறேன்" என்றார். டப்பியை மூடினார். "என் வூட்டுக்காரி, என் தம்பிங்க, ஊரு, இவுங்க ஒவ்வொருத்தருக்கும் நீ கிண்ணத்துல காட்டுவியா? அவுங்க காதத்தான் பாப்பாங்க. காது எறங்கட்டும், பேசலாம்."

"ஒன்றரை வருஷம் ஆகும்" என்றார் டாக்டர்.

"என் பையனும் ஒண்ணும் ஓடிப்பூட மாட்டான்."

ஆக, ஒரு பெண்ணின் கல்யாணம் அவள் அப்பாவின் காது மடலில் போய் நின்றது.

வைத்தியம் இரண்டு பாகம். வலி வரும்போது அடக்குவது ஒன்று. யூரிக் அமிலத்தையே குறைத்து, படிந்ததைக் கரைப்பது இன்னொன்று. இரண்டாவது மாத்திரையை வலியின் நடுவே அவசரப்பட்டுத் தொடங்கக் கூடாது என்பது டாக்டர் பிடித்த பிடி. வலி அடங்கட்டும் என்று காத்திருந்தார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பிறகு மிகக் குறைந்த அளவில் தொடங்கினார், கூடவே வலி வராமல் இருக்க வேறொரு மாத்திரை. தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்று செல்வியிடம் நான்கு முறை சொல்லி, நான்கு முறை திருப்பிச் சொல்லவைத்தார். மாதம் ஒரு முறை நான் ரத்தம் எடுக்க வேண்டும். முதல் எண் பத்து புள்ளி நான்கு. ஆறுக்குக் கீழே போனால்தான் கட்டி கரையும்.

இரண்டாம் மாதம் கன்னியப்பன் வரவில்லை. என் விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனேன். மாட்டுக் கொட்டகையில் இரண்டு காலும் வீங்கிப் படுத்திருந்தார். முனியம்மா என்னைப் பார்த்ததும் தொடங்கினாள். "இன்னா மாத்திர குடுத்தீங்க? ஒரு கால்ல இருந்தது ரெண்டு கால்லயும் கீது. தூக்கி எறிஞ்சிட்டேன்."

படிந்த கட்டி அசைந்து கரையத் தொடங்கும்போதுதான் வலி கிளம்பும், வலித்தால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை இவர்களிடம் சொன்னேனா என்று யோசித்தேன். நினைவில்லை.

"உப்பு கூட உட்டுட்டாரும்மா" என்றாள் முனியம்மா. "ஒரு மாசமா கஞ்சில ஒரு கல்லு உப்பு கெடையாது. பச்சத் தண்ணியாட்டம் குடிக்கறாரு. நீதான் சொன்னியாம், மூட்டுல உப்பு படிஞ்சி கீதுன்னு."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். எளிமையாக விளக்குகிறோம் என்று பெருமையோடு சொன்னது. கன்னியப்பன் படுத்தபடியே, "நானும் பாக்கறேன், உப்பு கொறஞ்ச மாதிரி தெர்ல" என்றார்.

"அது சோத்து உப்பு இல்லீங்க" என்றேன். "நீங்க உப்பு போட்டுச் சாப்பிடலாம். சாராயத்தத்தான் விடணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உப்பையே உட்டுட்டு இருந்துக்கறேனேம்மா" என்றார்.

செல்வி அதைக் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். அன்றிலிருந்து மாத்திரைகள் அவள் பொறுப்பு. வலி அடங்கியதும் டாக்டர் முதலில் இருந்து தொடங்கினார். செல்வி ஒரு நோட்டில் மாதா மாதம் என் எண்களை எழுதிக்கொண்டாள். ஒன்பது புள்ளி ஒன்று. எட்டு. ஏழு புள்ளி மூன்று. தீபாவளி மாதம் மட்டும் எட்டு புள்ளி ஆறு. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவள் கேட்டாள். அடுத்த மாதம் ஆறு புள்ளி ஐந்து. பிறகு ஐந்து புள்ளி எட்டு.

பலராமன் பஸ்ஸை நிறுத்தும் ஒரு நிமிடத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். "காது எப்டி கீது?" நான் விரலால் அளவு காட்டுவேன். விசில் ஊதிப் போய்விடுவார். பயணிகள் அதை என்னவென்று நினைத்தார்களோ தெரியாது.

முகத்தின் கறுப்பு முதலில் போனது. பிறகு விரல்கள் மடங்கத் தொடங்கின. ஒன்றரை வருடம் என்று டாக்டர் சொன்னது இரண்டு வருடம் ஆயிற்று. காது இறங்கியது. பலராமன் டூட்டி முடிந்து ஒரு நாள் வந்து, கன்னியப்பனை டியூப் லைட் அடியில் உட்கார வைத்து இரண்டு காதையும் தடவிப் பார்த்தார். பிறகு தேதி பேசினார்கள். மாப்பிள்ளையை நான் முதன்முதலாகப் பார்த்தது கல்யாணப் பந்தலில்தான். நல்ல பையன், அதிகம் பேசவில்லை. இந்த விவகாரத்தில் அவனை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

பந்தியில் பாயசம் பரிமாறும் வாளியைக் கன்னியப்பன் எடுத்துக்கொண்டார். "நைனா, வாணாம்" என்றாள் செல்வி, மணப்பெண்ணாக நின்றபடியே. அவர் போனார். நான் எதிர்வரிசையில் இருந்தேன். எண்ணும் பழக்கம் விடாது. பதினான்கு இலை. மூன்று பேர் அவர் வருவதற்குள் இலையை மூடினார்கள். பலராமன் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் குரலில், "சம்பந்தி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து!" என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் அவர் மனைவி கையை இலைக்கு மேல் விரித்து வைத்துக்கொண்டாள். கன்னியப்பன் வற்புறுத்தவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்தார். அன்று இரவிலிருந்து அவர் வீட்டுக்குள் படுத்தார் என்று முனியம்மா பிற்பாடு சொன்னாள்.

ஒன்றே முக்கால் வருடம் கழித்து, பேரனுக்குத் திருப்புலிவனம் கோயிலில் முடி எடுத்துக் காது குத்தினார்கள். எனக்கும் அழைப்பு. குழந்தையை உட்கார வைக்கத் தாய்மாமன் மடி வேண்டும். செல்விக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. யார் மடி என்று பேச்சு வந்தது. பங்காளி முறையில் இரண்டு மூன்று பேர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பலராமனின் மனைவி யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓரமாக நின்றிருந்த கன்னியப்பனைப் பார்த்து, "நின்னுக்கினு இருந்தா எப்டி? உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். மடியில் வைத்தாள்.

தட்டார் ஊசியை எடுத்தார். குத்தினார். குழந்தை வீறிட்டுக் காலை உதைத்தது. உதை நேராக அவருடைய கட்டைவிரலில் விழுந்தது. குழந்தையைவிடப் பெரிதாகக் கத்தியவர் கன்னியப்பன்தான். கோயில் மரத்தில் இருந்த காக்கைகள் எழுந்தன.

"காது குத்தறது பேரனுக்கா, தாத்தாவுக்கா?" என்றாள் பலராமனின் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீரோடு, குழந்தையை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு காதுக்கும் மடியைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே லேபுக்கு வந்தார். ரத்தம் எடுத்தேன். எட்டு புள்ளி இரண்டு. விசேஷ வேலையில் மூன்று வாரம் மாத்திரையை மறந்துவிட்டாராம்.